அளவியை அளந்து பார்த்தல்

கோடியக்கரையில் ஐப்பசி மாதம் பிறந்தால் விருந்தினர் வரத் தொடங்கிவிடுவர். வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில் குஞ்சு பொரித்த உள்ளான்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு பறந்து, எங்கள் ஊர்ச் சேற்றுவெளிகளில் வந்து இறங்கும். அவற்றுள் மிகச் சிறியது கொசு உள்ளான். அதன் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். 1967-ஆம் ஆண்டில் இந்தக் காடும் கரையும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் பூட்டி, மீண்டும் பறக்க விட்டு வந்திருக்கின்றனர்.

வளையம் பூட்டுவதற்கு முன் பறவையின் அலகையும் காலெலும்பையும் அளந்து எழுதிக்கொள்வது இத்துறையில் வழக்கம். அதற்குப் பயன்படும் கருவி வெர்னியர் அளவி. வளையம் இறுக்கமாக இருந்தால் காலைப் புண்ணாக்கும். தளர்வாக இருந்தால் பாதத்தின்மேல் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தீக்குச்சி பருமனுள்ள அந்தக் காலுக்கு அரை மில்லிமீட்டர் என்பது சிறிய தொகையன்று.

மாணவர்களே, அதே வெர்னியர் அளவி உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. அதன் தம்பியாகிய திருகு அளவியும் அருகிலேயே இருக்கிறது. பட்டறைகளில் அதனை மைக்ரோமீட்டர் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் அமைத்துக்கொண்ட சிறு பட்டறையிலும் இவ்விரண்டும் உண்டு. இவற்றைத் தேர்ந்து வாங்குவது எப்படி, பழுதுபட்டால் சீர்செய்வது எப்படி, எந்தப் பழுதைத் தொடாமல் விடவேண்டும் என்பவையே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்திகள். இவற்றைப் பேசும் தகுதி எனக்கு வந்தது நான் கற்பித்த பாடத்தால் அன்று. நான் செய்த தவற்றால்.

கல்லூரியில் படித்த நாளில், 1982-இல், சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய மைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கினேன். அந்த அங்காடி 1985-இல் தீக்கிரையாயிற்று. மைக்ரோமீட்டர் என்னிடம் தங்கிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் மரை இறுகிப்போயிருக்கக் கண்டு, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டினேன். வெண்ணெயில் இறங்கும் கத்தி போல மரை சுழன்றது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்து பெட்டியில் வைத்தேன்.

வேதாரணியத்துக்கு மேற்கே, வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் எனக்கு உண்டு. கடைமடைக்காரர்களின் நிலை உங்களில் பலருக்குத் தெரியும். தண்ணீர் வரும் நாட்கள் சில. அதற்குள் இறைத்துக்கொள்ள வேண்டும். அப்படித் தண்ணீர் வந்த வாரத்தில், அவருடைய இறைவைப் பம்பின் தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்து ஆடத் தொடங்கிற்று. புதிய புஷ் கடைந்துகொள்ளத் தண்டின் விட்டம் தெரியவேண்டும். என் மைக்ரோமீட்டர் 24.95 மில்லிமீட்டர் காட்டியது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே எண்ணெய் நிற்க 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று கணக்கிட்டு, துளை 25.00 இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். லேத்துப் பட்டறைக்காரர் எழுதியபடியே கடைந்து தந்தார்.

புஷ் எளிதில் நுழையவில்லை. மரச்சுத்தியால் சற்றுத் தட்டித்தான் உள்ளே போயிற்று. "புதிது அல்லவா, ஓடினால் இளகிக்கொள்ளும்" என்றேன். அரைமணி நேரம் ஓடிற்று. பிறகு சூடேறி, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. லேத்துப் பட்டறைக்காரர் தண்டைத் தம் கருவியால் அளந்து பார்த்துவிட்டு, "சார், தண்டு சரியா இருபத்தஞ்சு இருக்கு. உங்க மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டார். மூடிப் பார்த்தேன். சுழிக்கோடு நிற்கவேண்டிய இடத்தில் 45 என்ற கோடு நின்றது. ஐந்து பிரிவுகள், அதாவது 0.05 மில்லிமீட்டர், எதிர்ச் சுழிப்பிழை. நான் பிரித்துப் பூட்டியபோது தலைக்கோலைச் சுழிக்குக் கொண்டுவந்து நிறுத்தாமல் விட்டிருந்தேன். 24.95-உடன் 0.05-ஐக் கூட்டியிருந்தால் 25.00 என்ற உண்மை வந்திருக்கும். எதிர்ச் சுழிப்பிழையைக் கூட்டவேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவன் நான்தான்.

வேறு புஷ் கடைந்து வருவதற்குள் இரண்டு நாள் போயிற்று. அதற்குள் வாய்க்காலில் நீர் வடிந்துவிட்டது. இரண்டு மா நிலம் அந்த முறை நடவின்றிக் கிடந்தது. உறவினர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அளக்கும் கருவி என்பது ஒரு சாட்சி. சாட்சி சொல்வதை நம்புவதற்கு முன் சாட்சியையே விசாரிக்க வேண்டும். இதுதான் நான் கற்ற பாடம். கருவியை வாங்கும்போதும், பழுது பார்த்த பிறகும், நாள்தோறும் கையில் எடுக்கும்போதும் செய்யவேண்டிய விசாரணை ஒன்றே.

விசாரணைக்கு முன் இக்கருவிகளின் இயல்பைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தைப் பத்தாகப் பிரித்துச் சொல் என்றால் நம் கண் தடுமாறும். ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேராக நிற்கின்றனவா என்று கேட்டால் கண் தயங்காமல் விடை கூறும். கண்ணின் இந்தத் திறமையைப் பயன்படுத்தியவர் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர். தம் அளவுகோல் முறையை அவர் வெளியிட்டது 1631-ஆம் ஆண்டில். பள்ளிக் கருவியில் 9 மில்லிமீட்டரைப் பத்துப் பிரிவுகளாக்கியிருப்பார்கள். அதன் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர். பட்டறைக் கருவியில் 49 மில்லிமீட்டரை ஐம்பது பிரிவுகளாக்கியிருப்பார்கள். ஒரு பிரிவு 0.98 மில்லிமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடாகிய 0.02 மில்லிமீட்டர் அதன் மீச்சிற்றளவு.

திருகு அளவியின் தத்துவம் வேறு. மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதன் முனை மிகச் சிறிய தொலைவே நகரும். பட்டறைக் கருவியில் அது அரை மில்லிமீட்டர். அந்தச் சுற்றை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத நகர்ச்சியை, கண்ணுக்குத் தெரியும் சுழற்சியாக மரை பெருக்கிக் காட்டுகிறது. கையில் பிடிக்கும் வடிவில் இதனை அமைத்து 1848-இல் பாரிஸில் உரிமம் பெற்றவர் பால்மர் என்பவர். இன்றும் பிரெஞ்சு மொழியில் இக்கருவிக்குப் பால்மர் என்ற பெயர் வழங்குகிறது.

இனி விசாரணையின் மூன்று படிகளைக் கூறுகிறேன்.

முதற்படி தூய்மை. தாடைகளுக்கு இடையே ஒரு தூசி சிக்கினாலும் அளவு பொய்யாகும். தூய வெள்ளைத் தாளின் ஒரு துண்டைத் தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல மூடி, தாளை உருவி எடுங்கள். தாளில் கறுப்புக் கோடு படிந்திருக்கும். கோடு படியாத வரையில் இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்யவேண்டும். மைக்ரோமீட்டரின் இரு முனைகளுக்கும் இதுவே முறை.

இரண்டாம் படி சுழி. கருவியை மூடிப் பாருங்கள். சுழியும் சுழியும் ஒன்றி நிற்கின்றனவா? நிற்காவிட்டால் பிழை எவ்வளவு, நேரா, எதிரா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியரின் தாடைகளை மூடியபடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள இடுக்கின் வழியாகவும் ஒளிக்கீற்று கசியும். ஓரிடத்தில் வெளிச்சமும் ஓரிடத்தில் இருளும் தெரிந்தால் தாடை தேய்ந்தோ வளைந்தோ இருக்கிறது என்று அறியலாம்.

மூன்றாம் படி, விடை முன்பே தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்த்தல். சுழியில் மெய் பேசும் கருவி இருபது மில்லிமீட்டரில் பொய் பேசக்கூடும். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று அளவுக் கட்டைகள் வைத்திருப்பார்கள். அவை விலை மிகுந்தவை. நமக்கோ மின்விசிறி பழுது பார்க்கும் கடையிலேயே நல்ல அளவுக் கட்டை கிடைக்கிறது. அது புதிய பேரிங். 6202 என்று எண் பொறித்த பேரிங்கின் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டர். துளை 15 மில்லிமீட்டர். இவற்றில் நேரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்குமாறு செய்கிறார்கள். ஆகவே வெர்னியரின் வெளித்தாடைகளை 35-இலும், உள்தாடைகளை 15-இலும் ஒரே பேரிங்கைக் கொண்டு சோதிக்கலாம். ஆனால் அதன் அகலமாகிய 11 மில்லிமீட்டரை நம்பிச் சோதிக்க வேண்டாம். அகலத்தில் அவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை.

பொதுவாகக் கிடைக்கும் சிறு மைக்ரோமீட்டர் 25 மில்லிமீட்டர் வரையில்தான் அளக்கும். அதற்கு 608 என்ற எண்ணுள்ள பேரிங் ஏற்றது. அதன் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். சைக்கிள் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் எஃகுக் குண்டுகளும் உதவும். கால் அங்குலக் குண்டு 6.35 மில்லிமீட்டர், அதனினும் சிறிய, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்குள்ள குண்டு 4.76 மில்லிமீட்டர். புதிய குண்டுகளையே வாங்குங்கள். ஓடித் தேய்ந்த குண்டு சாட்சியாகாது.

கடையில் வாங்கிய பேரிங்கை மட்டும் எதனால் நம்புவது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பேரிங் செய்யும் தொழிற்சாலை தன் கருவிகளை அளவுக் கட்டைகளோடு ஒப்பிடுகிறது. அந்தக் கட்டைகள் அவற்றினும் நுட்பமான கட்டைகளோடு ஒப்பிடப்படுகின்றன. நம் நாட்டில் இத்தொடரின் தலையில் இருப்பது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். மீட்டர் என்பது என்ன என்ற கேள்விக்கு 1983-ஆம் ஆண்டு முதல் உலகம் ஏற்றுக்கொண்ட விடை, ஒளி வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவு என்பது. மேட்டூரில் திறந்த நீர் ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகிக் கடைமடை வயலுக்கு வந்து சேர்வதுபோல, ஒளியில் தொடங்கிய அந்த மீட்டர் கைமாறிக் கைமாறி நம் மின்விசிறியின் பேரிங் வரையில் வந்து சேர்கிறது. நடுவே ஒரு மடை உடைந்தால் கடைமடை வறளும். என் மைக்ரோமீட்டர் உடைந்த மடையாக இருந்தது.

விசாரணையில் குற்றம் தெரிந்தால் சீர்செய்ய முடியுமா? சில பழுதுகளை நாமே நீக்கலாம்.

அழுக்கும் காய்ந்த எண்ணெயும் முதலாவது. மண்ணெண்ணெயில் நனைத்த மென்துணியால் துடைத்து, உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி இட்டுத் துடைத்துவிட வேண்டும். வெர்னியரின் நகரும் பகுதி ஆடினால், அதன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு திருகாணிகளைப் பாருங்கள். அவை உள்ளே ஒரு மெல்லிய தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் மெல்ல இறுக்கி, பிறகு சுற்றில் எட்டில் ஒரு பங்கு அளவு தளர்த்தினால், ஆட்டம் நின்று வழுக்கலும் இருக்கும். தாடையின் விளிம்பில் அடிபட்டுப் பிசிர் எழும்பியிருந்தால், நுண்ணிய எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து ஓரிரு முறை தடவிப் பிசிரை மட்டும் நீக்கலாம். உப்புத்தாள் கொண்டு தாடையைத் தேய்ப்பது கூடவே கூடாது. துரு போவதோடு அளவும் போய்விடும்.

மைக்ரோமீட்டருக்கு வருவோம். கருவியோடு கொடுக்கும் சிறு கொக்கிச் சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள். புரிக்கோல் வரைந்த குழலில் ஒரு சிறு துளை இருக்கும். கருவியை மூடி, சாவியின் நுனியை அத்துளையில் பொருத்திக் குழலைச் சற்றே திருப்பினால் சிறிய சுழிப்பிழை நீங்கும். பிழை பெரிதாயின், தலைக்கோலைத் தளர்த்திச் சுழிக்கு நேரே நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். மரையில் ஆட்டம் இருந்தால், தலைக்கோலை முழுவதும் பின்னுக்குச் சுழற்றினால் தெரியும் சரிப்படுத்தும் நட்டை ஒரு சிறிது இறுக்கலாம். எதைத் தொட்டாலும் முடிவில் மூன்று படி விசாரணையையும் மீண்டும் செய்யுங்கள். மரை இலகுவாகச் சுழல்வது ஒன்று. மெய்யாக அளப்பது மற்றொன்று. நான் முதலாவதைப் பார்த்து இரண்டாவதும் வந்துவிட்டதாக எண்ணினேன்.

வீட்டில் தீராத பழுதுகளும் உண்டு. நடுவில் மட்டும் தேய்ந்த மரை, வளைந்த தண்டு, நுனி தேய்ந்த தாடை, கீழே விழுந்து கோணிய சட்டம் ஆகியவை அத்தகையன. சுழிப்பிழை எங்கும் ஒரே அளவாக இருக்குமாயின் கூட்டியோ கழித்தோ திருத்திக்கொள்ளலாம். 4.76-இல் சரியாகவும் 22-இல் தவறாகவும் காட்டும் கருவிக்கு எந்தத் திருத்தத்தைச் சொல்வது? முனைகளின் சமதளத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒளித்தட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, சோடிய விளக்கொளியில் தோன்றும் பட்டைகளை எண்ணுவர். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மேடுபள்ள வேறுபாடு ஏறக்குறைய 0.0003 மில்லிமீட்டர். கல்லூரியில் இயற்பியல் பயில்வோர் இந்தப் பட்டைகளின் காரணத்தைப் படித்திருப்பீர்கள். அத்தகைய சோதனையும் சீர்திருத்தமும் அதற்குரிய கூடங்களின் வேலை. நம் கையால் ஆகாததை ஆகாது என்று ஒதுக்குவதும் பழுது பார்ப்பவனின் அறிவில் ஒரு பகுதியே.

கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில சொற்கள். எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதை வேலையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். பலகை அறுப்பவருக்கு நல்ல எஃகு அளவுகோல் போதும். ஆணி, குழாய், துளை இவற்றை அளக்க வெர்னியர் போதும். பேரிங் ஏறும் தண்டு, மின்மோட்டாரில் சுற்றும் செப்புக் கம்பி இவற்றுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும். 22-ஆம் எண் கம்பியின் தடிப்பு 0.711 மில்லிமீட்டர், 23-ஆம் எண் கம்பி 0.610. வேறுபாடு 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால், முதலாவது இரண்டாவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெரியது. மெல்லிய கம்பியைத் தவறாகச் சுற்றிய மோட்டார் சூடேறிக் கருகும். இந்த வேறுபாட்டை அளவுகோல் காட்டாது.

இப்போது எண்களைத் திரையில் காட்டும் மின்னணு வெர்னியர் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. படிப்பதற்கு எளிது. ஆனால் திரை 0.01 வரை எண் காட்டுவதாலேயே அவ்வளவு நுட்பம் அதற்கு உண்டு என்று கொள்ளலாகாது. அதன் பிழை பொதுவாக அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கக்கூடும். மின்கலம் தளர்ந்தாலும், அளவுகோலின்மேல் ஈரம் படிந்தாலும் எண்கள் தாவும். சுழிப் பொத்தானை அழுத்தினால் எந்த இடத்திலும் அது சுழி காட்டும். தாடையில் தூசி இருக்கும்போது அழுத்தினால் அந்தத் தூசியையும் சேர்த்துச் சுழியாக்கிவிடும். பழைய கருவி வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மைக்ரோமீட்டர்கள் பல அங்குலக் கணக்கில் அமைந்தவை. தலைக்கோலில் ஐம்பது பிரிவுகளுக்குப் பதில் இருபத்தைந்து இருந்தால், ஒரு பிரிவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கலாம். வாங்கும் இடத்திலேயே மூடிப் பாருங்கள். சைக்கிள் குண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

கருவி நன்றாக இருந்தும் கை கெடுக்கலாம். வெர்னியரில் அளவுகோல் ஒரு கோட்டிலும் பொருள் மற்றொரு கோட்டிலும் இருக்கின்றன. தாடையின் நுனியில் பொருளை வைத்து அழுத்தினால் தாடை சற்றே சாயும். அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேரில் இருக்கவேண்டும் என்ற நெறியை ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் எடுத்துரைத்தார். மைக்ரோமீட்டர் இந்நெறிக்கு உட்பட்டது, வெர்னியர் உட்படாதது. ஆதலால் வெர்னியரில் பொருளைத் தண்டை ஒட்டி உள்ளே வைத்து, மெல்லத் தொட்டு அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் பின்கோடியில் உள்ள ராட்சட்டைப் பிடித்துத் திருகவேண்டும். 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டால் அழுத்தம் போதும் என்று பொருள்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. நீளத்தை 20 டிகிரி வெப்பநிலையில் கூறுவது என்று உலக அளவில் 1931-இல் முடிவாயிற்று. நம் ஊரில் 35 டிகிரி சாதாரணம். 100 மில்லிமீட்டர் எஃகு அந்த 15 டிகிரியில் ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் நீளும். கருவியும் எஃகு, பொருளும் எஃகு, இரண்டும் நிழலில் ஒன்றாகக் கிடந்தவை என்றால் இரண்டும் சேர்ந்தே நீளும், கவலையில்லை. லேத்திலிருந்து சுடச்சுட எடுத்த வெண்கலப் புஷ்ஷை அளப்பதுதான் தவறு. ஆறினால் அதன் துளை சுருங்கும்.

கடைசியாகப் பாதுகாப்பு. எங்கள் கடற்கரையில் இரும்பு துருப்பிடிக்கும் வேகத்தை வெளியூரார் நம்பமாட்டார்கள். வேதாரணியத்து உப்பளங்களில் சோற்றுப்பு விளைந்த பின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு இருப்பதை அறிவீர்கள். கடற்காற்றில் வரும் நுண்துளிகளிலும் அது உண்டு. சோற்றுப்பு நீரை ஈர்த்துக் கசிய, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காடு வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஆகவே வெயில் காயும் பகலிலும் கருவியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் நின்றுகொண்டே இருக்கும். நம் விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. பயன்படுத்திய பின் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். நாளடைவில் காறிப் பிசுபிசுக்கும். மைக்ரோமீட்டரின் முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி சிறிது திறந்தே வையுங்கள். தொட்ட முனைகளுக்கு நடுவே ஈரம் தங்கித் துரு கிளம்பும்.

மாணவர்களே, நான் ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ செய்முறை ஏடுகளில் கையொப்பமிட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் 'சுழிப்பிழை: இல்லை' என்ற வரி காணப்படும். அத்தனை பிள்ளைகளும் கருவியை மூடிப் பார்த்துத்தான் எழுதினார்களா? பலர் பார்த்திருக்கமாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். விடை ஒத்து வந்ததால் நானும் விட்டுவிட்டேன். இரண்டு மா நிலம் தரிசாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான், அந்த வரியின் விலை எனக்கு விளங்கிற்று. பார்க்காமல் 'இல்லை' என்று எழுதுவது, சிறியதாயினும் ஒரு பொய். ஆய்வுக்கூடத்தில் அதற்கு விலை கேட்பவர் எவரும் இல்லை. வெளியுலகில் யாரோ ஒருவர் அந்த விலையைக் கொடுக்கிறார். பல வேளைகளில் பொய் எழுதியவர் அல்லர், அவரை நம்பியவர்.

அந்த மைக்ரோமீட்டர் இன்றும் என்னிடம் இருக்கிறது. சுழியைச் சரிசெய்து, குண்டுகளையும் பேரிங்கையும் கொண்டு சோதித்து வைத்திருக்கிறேன். பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கருவியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் தேதியையும் அன்று கண்ட சுழிப்பிழையையும் அதில் குறிக்கிறேன். சென்ற தையில் உறவினர் மீண்டும் ஒரு தண்டை எடுத்துக்கொண்டு வந்தார். மடியில் வைத்திருந்த அதனை என்னிடம் நீட்டுவதற்கு முன், பெட்டியைத் திறந்து அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. சாட்சியை விசாரிக்க அவரும் கற்றுக்கொண்டார்.